கும்பகோணத்தில் இரண்டு மணி நேரம்

டொராண்டோவில், சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கணையம் சுரக்கும் இன்சுலின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் மருத்துவரின் சீட்டு வேண்டும். என் மருத்துவரோ, "சர்க்கரை 5.4 தானே, இன்சுலின் எதற்கு?" என்று இரண்டு முறை கைவிரித்துவிட்டார். (அது கனடா அளவை; நம் ஊர்க் கணக்கில் சுமார் 97.) அப்பா, பெரியப்பா இருவருக்கும் நாற்பதிலேயே சர்க்கரை வந்த குடும்பம் எங்களுடையது. ஊருக்கு வந்த நாலாம் நாள், தூக்கம் ஒருவழியாக நேரானதும், கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். பெயரும் வயதும் கேட்டார்கள், அவ்வளவுதான்.

"ரத்தம் கொடுத்துவிட்டு, டிபன் சாப்பிட்டு வாருங்கள் சார்" என்றார் அங்கிருந்த பெண். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை வேண்டும் என்றேன். "அது கர்ப்பிணிகளுக்குத்தானே?" என்று சிரித்தாலும், 75 கிராம் பொடியை 300 மில்லி தண்ணீரில் கலக்கி, குமட்டாமல் இருக்க எலுமிச்சையும் பிழிந்து கொடுத்தார். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாமே என்றார். நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், கணக்குத் தப்பும். பக்கத்துக் கடை டிகிரி காபியின் வாசனையைச் சகித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வேலை சுத்தம். குடிப்பதற்கு முன்பும் பின்பும், மூன்று முறையும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்தார். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய். அதிலுள்ள ஃபுளோரைடு இல்லாவிட்டால், காத்திருக்கும் நேரத்தில் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். இன்சுலின் குழாய்கள் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போயின.

மறுநாள் மாலை வாட்ஸப்பில் முடிவு வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 98, இன்சுலின் 18. இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 132. எல்லாம் இயல்பு என்றது அறிக்கை. ஆனால் இன்சுலினுக்கு உடல் எவ்வளவு கட்டுப்படுகிறது என்று மதிப்பிட HOMA-IR என்றொரு கணக்கு உண்டு; அதன்படி முதல் இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் 4.36 வருகிறது. 2.5ஐத் தாண்டினாலே இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்கவில்லை என்று பல மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். சர்க்கரையை வரம்புக்குள் வைக்கவே என் கணையம் கூடுதலாக உழைக்கிறது போலும். இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பணம் கட்டினால் எண் கிடைக்கும், அர்த்தத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூத்து: மூன்று மாதிரிகளுக்கும் எடுத்த நேரம் காலை 7.10 என்றே அச்சாகியிருந்தது. இதைக் கனடா மருத்துவரிடம் நீட்டினால் சிரிப்பார். தொலைபேசியில் சொன்னேன். பத்தே நிமிடத்தில் திருத்திய அறிக்கை வந்தது, கூடவே ரோஜாப்பூப் படத்துடன் ஒரு 'இனிய மாலை வணக்கம்'.