அன்பே வா: கத்தியைக் கீழே வைத்த எம்.ஜி.ஆர்.

எம்.ஜி.ஆர். படம் என்றால் ஏழைகளை வதைக்கிற ஒரு வில்லன், கத்தியோ கம்போ எடுத்துச் சண்டை, நடுவில் நாலு பேருக்குப் புத்தி சொல்லும் பாட்டு என்று பழகிப்போனவர்கள் ஒரு ராத்திரி உட்கார்ந்து ‘அன்பே வா’ பாருங்கள். 1966 பொங்கலுக்கு வந்த படம். முந்தைய வருஷம்தான் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் கப்பல் மேல் நின்று வாள் சுழற்றினார், அதே மனிதர் இதில் சிம்லாவில் ஒரு பெண்ணிடம் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு திரிகிறார். படம் வந்தபோது அவருக்கு 49 வயது முடிய மூன்று நாள் பாக்கி. சத்தியமாக அந்த வயது தெரியவில்லை.

கதை ரொம்பச் சின்னது. ஜே.பி. என்கிற பெரிய தொழிலதிபர் வேலை அலுத்துப்போய் ஓய்வெடுக்கலாம் என்று சிம்லாவில் இருக்கும் தன் பங்களாவுக்கு வருகிறார், பார்த்தால் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ராமையா அதை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். நான்தான் முதலாளி என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது. ஆனால் அவர் பாலு என்று பெயர் சொல்லிக்கொண்டு தன் வீட்டிலேயே வாடகைக்குத் தங்குகிறார், காரணம் அந்த வீட்டுப் பெண் கீதா, அதாவது சரோஜாதேவி. கரு 1961-இல் ராக் ஹட்சன், ஜினா லொல்லோபிரிஜிடா நடித்து வந்த ‘கம் செப்டம்பர்’ படத்திலிருந்து வந்தது. ஆனால் இயக்குநர் ஏ.சி. திருலோகசந்தரும் வசனம் எழுதிய ஆரூர்தாஸும் அதை நம்ம ஊர்க் குடும்பத்துக்குள் அழகாகக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடிக்கக் காரணம், எம்.ஜி.ஆர். இதில் தோற்கச் சம்மதித்திருக்கிறார். மற்ற படங்களில் அவரை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த காட்சியிலேயே பதிலடி கிடைத்துவிடும், இதில் கீதா அவரை ஏளனம் செய்கிறாள், விரட்டுகிறாள், அவரோ உதட்டோரம் ஒரு சிரிப்போடு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார். வீட்டுக்காரர் யார் என்பது அவருக்கும் நமக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்த ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு அவர் கண்ணாலேயே செய்கிற சேட்டை இருக்கிறதே, அவருக்கு நடிப்பு வராது என்று சொல்பவர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்ட வேண்டும். நாகேஷ் ராமையாவாக வந்து தனியாக ஒரு கச்சேரியே நடத்துகிறார், மனோரமா பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். அசோகன்கூட இதில் பல்லைக் கடிக்கும் ஆள் இல்லை, கீதாவைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற ஒருவர், அவ்வளவுதான்.

சரி, ரசிகர்களைச் சும்மா அனுப்ப முடியாது என்று ஒரு சண்டை வைத்திருக்கிறார்கள். சிட்டிங் புல் என்கிற ராட்சச உருவ மல்யுத்த வீரரோடு மோதல். அத்தனை பெரிய ஆளை அலாக்காகத் தூக்குகிறார் எம்.ஜி.ஆர். கதைக்கு அது தேவையே இல்லை, இருந்தாலும் அந்த இடத்தில் நான் கை தட்டினேன்.

பாட்டுகளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. எம்.எஸ்.வி. இசை, வாலி வரிகள். ‘புதிய வானம் புதிய பூமி’யில் மலைப்பாதையில் துள்ளி நடந்துகொண்டே பாடுகிறார், பின்னால் சிறுவர் கூட்டம், டி.எம்.எஸ். குரலிலும் அதே துள்ளல். அதில் ‘உதய சூரியனின்’ என்று வாலி எழுதியதைத் தணிக்கையில் ஆட்சேபித்ததால் ‘புதிய சூரியனின்’ என்று மாற்றினார்கள், தி.மு.க. சின்னம் அல்லவா! ‘ராஜாவின் பார்வை’யில் தாளமே குதிரைக் குளம்படிதான், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ‘நாடோடி’ பாட்டில் காலேஜ் பட்டாளத்தின் கேலிக்கு ட்விஸ்ட் ஆடியே பதில் சொல்கிறார். சண்டையில் பார்த்த அதே கால்வேகம் இங்கே ஆட்டமாக வருகிறது.

குறை உண்டு. மூன்று மணி நேரத்துக்கு நெருங்கும் படத்தில் இடைவேளைக்கு அப்புறம் ஊடலை இழுத்துவிட்டார்கள். ஒரு வாய்ப் பேச்சில் தீர வேண்டியது கண்ணீர் வரை போகிறது, பெண்ணின் திமிரை அடக்குவது என்கிற அந்தக் காலத்து நினைப்பும் சில இடங்களில் நெருடுகிறது. அந்தப் பகுதியை சரோஜாதேவிதான் தாங்கிப் பிடிக்கிறார்.

ஏ.வி.எம். எம்.ஜி.ஆரை வைத்து எடுத்தது இந்த ஒரே படம்தான். இன்னும் இரண்டு மூன்று எடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம். இணையத்தில் தேடும்போது கலர் வெளிறிப்போன பிரதிகளை ஒதுக்கிவிடுங்கள். ஈஸ்ட்மன் கலரில் அந்தச் சிம்லாவைப் பார்ப்பதே பாதி சந்தோஷம்.