ஊழியர் பரிசுக்கு வங்கி கிஃப்ட் கார்டு எப்படி?

நல்ல வேலைக்குக் கையோடு பாராட்டுத் தர வங்கி கிஃப்ட் கார்டு நல்ல தேர்வுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய் போடலாம். குறைந்தது ஓராண்டு செல்லும். மறுபடி பணம் ஏற்ற முடியாது, ஏடிஎம்மில் எடுக்கவும் முடியாது. இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பெரிய தொல்லை மிச்சத் தொகை. 2,000 ரூபாய் கார்டில் 1,940-க்கு வாங்கினால் 60 ரூபாய் அதிலேயே கிடக்கும். பில் 2,100 என்றால் கார்டு மறுக்கப்படும். 2,000-ஐக் கார்டிலும் மீதியை ரொக்கமாகவும் பிரித்து வாங்கும்படி கவுண்டரில் முதலிலேயே கேட்க வேண்டும். ஆன்லைன் கடைகள் பலவற்றில் இப்படிப் பிரிக்க வழியில்லை. அங்கேயே வாங்குபவருக்கு அந்தக் கடையின் வவுச்சரே மேல்.

கார்டுக்காக வங்கிக்குக் கொடுக்கும் ஊழியரின் மொபைல் எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் ஓடிபி வேறெங்கோ போய்விடும். எண்களின் பட்டியலை ஊழியரிடமே காட்டிச் சரிபாருங்கள்.

தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்தால் அது போனஸாகவே தெரியும். வேலை முடிந்த வாரத்திலேயே, எதற்காக என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தைத்தான் வீட்டில் காட்டுவார்கள்.