ஏமாற்ற நினைக்காத ஏஜென்ட்டிடம் ஏமாறுவது இப்படித்தான்

ஆயுள் காப்பீட்டில் பணம் இழந்தவர்களிடம் யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். சொந்தத்தில் ஒரு மாமா, கூடப் படித்தவர், தெருவில் பத்து வருஷமாகப் பழகும் சார் என்றுதான் பதில் வரும். "அவர் அப்படிப்பட்டவர் இல்லீங்க" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அது உண்மைதான். அதனால்தான் பாண்டைப் பிரித்துப் படிக்காமலே பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

கேஸ் பெரும்பாலும் இந்த வடிவில் இருக்கும். வயது 35, சம்பளம் 50,000, மனைவி, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். எடுத்த பாலிசி எண்டோமென்ட் (காலம் முடிந்தாலும் இடையில் இறந்தாலும் பணம் தரும் வகை), 20 வருஷம், காப்பீட்டுத் தொகை 10 லட்சம், வருஷப் பிரீமியம் சுமார் 50,000. மூன்று வருஷம் கட்டியபின் முடியாமல் சரண்டர் செய்ய, அதாவது பாலிசியைப் பாதியில் முடித்துப் பணத்தைத் திரும்ப வாங்க, போகிறார். கட்டியது 1.5 லட்சம். 2024 அக்டோபர் 1-க்கு முன் விற்ற இந்த வகைப் பாலிசிகளில் மூன்றாம் வருஷ உத்தரவாத சரண்டர் மதிப்பு, கட்டிய பிரீமியத்தில் 35%. அதாவது 52,500, கூடவே சேர்ந்த போனஸுக்கு (நிறுவனம் வருஷா வருஷம் அறிவிக்கும் லாபப் பங்கு) ஒரு சின்னத் தொகை. "அவசரப்படாத தம்பி, இன்னும் கொஞ்ச நாள் கட்டு" என்று மாமா பதறுவார். அந்தப் பதற்றத்தில் நடிப்பு இருக்காது.

ஏஜென்ட்டான அந்த மாமாவுக்கு இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 25 மணி நேரப் பயிற்சி, 50 கேள்விப் பரீட்சை, 35% எடுத்தால் பாஸ். அதில் யாரும் பக்தர் ஆகிவிடுவதில்லை. லைசென்ஸ் வந்ததும் தெரிந்தவர்கள் நூறு பேர் பெயரை எழுதச் சொல்வார்கள். முதல் பாலிசி தன் பெயரில், இரண்டாவது மனைவி பெயரில், பிறகு மச்சான், மாமியார், பழைய நண்பர்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். இத்தனை பேருக்குப் போட்ட பிறகு, இது சுமாரான திட்டம் என்று ஒப்புக்கொண்டால் சொந்த ஜனத்தையே கெடுத்ததாகிவிடும். அதைவிட நம்பிவிடுவது சுலபம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அடுத்து, முதல் இறப்பு கிளெய்ம். அவர் போட்ட பாலிசிதாரர் விபத்தில் போகிறார். படிவம் வாங்கி, இறப்புச் சான்றிதழ் சேர்த்து, கிளைக்கு நடந்து, பணம் வந்ததும் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார். இதற்குப் பிறகு அந்த ஏஜென்ட்டிடம் வட்டிக் கணக்குப் பேசிப் பாருங்கள், காதில் ஏறாது. ஃபைலில் அந்தச் செக்கின் ஜெராக்ஸ் இருக்கும். வருகிற ஒவ்வொரு வீட்டிலும் அதை எடுத்துக் காட்டுவார். பாதியில் விட்டு நஷ்டப்பட்டவர்கள் அவரைத் தேடி வருவதில்லை. அந்த ஃபைலில் அவர்கள் ஜெராக்ஸ் இல்லை.

கமிஷன் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 வரை இருந்த உச்சவரம்புப்படி, இந்த 50,000-க்கு முதல் வருஷக் கமிஷன் 35% வரை, அதாவது 17,500. அடுத்த இரண்டு வருஷம் 7.5%, அதன்பின் 5% என்பது பழைய வழக்கம். 2023 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் திட்டவாரி வரம்பை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு வரம்பு வைத்தது. புதுப்பிப்புக் கமிஷன் ஏஜென்ட் இறந்தபின் வாரிசுக்கும் போகும். ஆக, அவர் வீட்டைக் காப்பாற்றுவதும் இன்ஷூரன்ஸ்தான். இதோடு கிளப் மெம்பர், எம்டிஆர்டி (அதிகம் விற்கும் ஏஜென்ட்டுகளின் உலகச் சங்கம்), மேடையில் பொன்னாடை. கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், ஏஜென்ட்டுகளை மேய்க்கும் டெவலப்மென்ட் ஆபீசரிடமிருந்து போன் மேல் போன். கமிஷனுக்காக மட்டும் விற்கிறார் என்று நினைத்தால் ஆளைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். கமிஷனும் கும்பிடும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால் அவராலேயே இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

அவர் நம்புவதில் பாதி சரி. சம்பாதிப்பவர் போய்விட்டால் குடும்பத்துக்குப் பணம் வேண்டும். அதற்குக் காப்பீடு தவிர வழி குறைவு. பயிற்சியில் 'மனித உயிர் மதிப்பு' என்று, ஒருவரின் வருமானத்தை வைத்து எவ்வளவு கவர் வேண்டும் என்று கணக்கிடும் பாடமே உண்டு. அந்தப் பாடத்தை நம்ம ஆளுக்குப் போட்டால், வருஷம் 6 லட்சம் சம்பாதிப்பவருக்கு ஏறக்குறைய ஒரு கோடி கவர் வேண்டும். விற்றதோ 10 லட்சம். குடும்பத்தின் ஒன்றே முக்கால் வருஷச் சம்பளம்கூட இல்லை. காப்பீடு அவசியம் என்ற உண்மை, இந்தத் திட்டம் நல்லது என்ற முடிவுக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 1,000 ரூபாய் காப்பீட்டுத் தொகைக்கு 42 ரூபாய் போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு வருஷம் 42,000, இருபது வருஷத்துக்கு 8.4 லட்சம். முடிவில் 18.4 லட்சம். "பத்து கட்டி பதினெட்டே சொச்சம்" என்பார். போனஸ் என்ற சொல்லே தீபாவளி போனஸ் மாதிரி கேட்கிறது, இல்லையா? ஆனால் இது காப்பீட்டுத் தொகை மேல் மட்டும் கணக்கிடும், தனிவட்டி மாதிரியான போனஸ். சேர்ந்த போனஸுக்குக் குட்டி போடாது. அறிவித்தபின்தான் உறுதி, வரும் வருஷங்களின் விகிதத்துக்கு உறுதி இல்லை. எக்செல்லில் ரேட் ஃபங்ஷனில் 20, -50000, 0, 1840000, 1 என்று கொடுங்கள். வருஷ வருமானம் 5.5% என்று வரும். கிளை மீட்டிங்கில் இதை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

அதே 50,000-ஐ வேறு விதமாகப் பிரித்தால்? ஒரு கோடி டேர்ம் பாலிசிக்கு (இறந்தால் மட்டும் பணம் தரும் வகை) வருஷம் சுமார் 12,000 என்று வையுங்கள் (புகை பிடிக்காதவருக்கு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்). மிச்சம் 38,000-ஐ அரசு சேமிப்புத் திட்டமான பிபிஎஃப்பில் போட்டு, வட்டி 7.1% அப்படியே இருந்தால் 20 வருஷத்தில் கிட்டத்தட்ட 16.9 லட்சம். எண்டோமென்ட்டைவிட ஒன்றரை லட்சம் குறைவுதான், மறைக்க வேண்டாம். ஆனால் நடுவில் ஆள் போனால் ஒரு வீட்டுக்கு ஒரு கோடி, இன்னொரு வீட்டுக்குப் பத்து லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும்.

இதெல்லாம் லாப நஷ்டம். குடும்பத்தை நிஜமாகவே கவிழ்ப்பது புரபோசல் படிவம், அதாவது பாலிசிக்கான விண்ணப்பம். "கையெழுத்து மட்டும் போடு, மத்தத நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கிப் போவார். சர்க்கரை இருக்கிறதா, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று வரிசையாக வரும் கட்டங்களில் மேலிருந்து கீழே 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. சர்க்கரை என்று எழுதினால் மெடிக்கல் வரும், பிரீமியம் ஏறும், மார்ச் முடிந்துவிடும். நல்லது செய்வதாக நினைத்தே செய்கிறார். காப்பீட்டுச் சட்டம் 45-ம் பிரிவுப்படி மூன்று வருஷம் ஆன பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்று வருஷத்துக்குள் இறப்பு வந்தால் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி ஆள் வரும். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. எழுதியவர் மாமா என்பது எடுபடுவது கடினம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பியதை வரி வரியாகப் படித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். செல் நம்பர், இமெயில் கட்டங்களில் ஏஜென்ட் தன்னுடையதைப் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் நினைவூட்டல், இ-பாலிசி எல்லாம் அவருக்குத்தான் போகும். பாலிசி தருமுன் சரிபார்ப்பு அழைப்பு வரும். "எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க" என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

"முதல் பிரீமியத்துல பாதி நான் போட்டுக்கறேன்" என்பதும் அன்பில் சொல்வதுதான். அதே சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடுக்கிறது. கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும். அபராதம் 10 லட்சம் வரை.

மாட்டிக்கொண்டால் முதல் ஆயுதம் ஃப்ரீ லுக், அதாவது பாலிசி வேண்டாம் என்று திருப்பித் தரும் அவகாசம். பாலிசிப் பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். "நானே கொண்டுவந்து தர்றேன்" என்று பத்திரம் அவர் பையிலேயே நாட்களைக் கடத்தும், கவனம். ரத்துக் கடிதத்தை ஏஜென்ட்டிடம் தராமல் கிளையில் கொடுத்து, தேதியோடு சீல் வாங்குங்கள், இமெயிலும் அனுப்புங்கள். அதுவரையிலான ரிஸ்க் பிரீமியம், மருத்துவப் பரிசோதனை, முத்திரைத்தாள் செலவு போக மிச்சம் திரும்பும்.

30 நாள் தாண்டிவிட்டதா? 2024 அக்டோபர் 1 முதல் எடுத்த பாலிசி என்றால், ஒரு வருஷப் பிரீமியம் முழுதாகக் கட்டி முதல் வருஷம் முடிந்தாலே சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. பழையது என்றால் சரண்டருக்கு முன் பெய்ட்-அப் கணக்கைக் கேளுங்கள்: இனி பிரீமியம் கட்டாமல், கட்டியதற்கு ஏற்பக் குறைந்த தொகையோடு பாலிசியைத் தொடர்வது. 20-ல் 3 வருஷம் கட்டியவருக்குக் காப்பீட்டுத் தொகை 1.5 லட்சமாகச் சுருங்கும். அதுவும் சேர்ந்த போனஸும் முதிர்வில் வரும்.

பொய் சொல்லி விற்றார்கள் என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில். ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் தளத்திலும் 155255 போன் எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர்; தமிழ்நாடு, புதுச்சேரிக்குச் சென்னையில் அலுவலகம். 50 லட்சம் வரை, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நிறுவனம் மறுத்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே கேட்பது ஆதாரம். வாயால் சொன்னது நிற்காது.

அதனால் கையெழுத்துக்கு முந்தின நாளே மாமாவுக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: வருஷம் எவ்வளவு, எத்தனை வருஷம் கட்டணும், முடிவில் உறுதியான தொகை எவ்வளவு, உறுதி இல்லாதது எவ்வளவு, நாலாவது வருஷம் நிறுத்தினால் கையில் என்ன வரும். ஐந்துக்கும் பதில் எழுத்தில் வரட்டும். பதில் எழுத உட்காரும்போதுதான் பல ஏஜென்ட்டுகள் முதல்முறையாக அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள்.