பர்மா உளுந்து, எஸ்.க்யூ. ரகம்: பத்து மாதம் அரைத்துப் பார்த்த பிறகு

சென்னை காலடிப்பேட்டையில் பத்தொன்பது ஆண்டுகளாக மாவுக்கடை நடத்துகிறேன். சாய்த்து ஊற்றும் கிரைண்டர் இரண்டு இருக்கின்றன. சாதாரண நாளில் எட்டுக் கிலோ உளுந்து அரைபடும், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு. ஐம்பது கிலோ மூட்டை ஆறாம் நாள் காலியாகிவிடும். இத்தனை உளுந்து கையில் புரண்டிருப்பதால், "பர்மா உளுந்து வாங்கலாமா, இட்லி சரியாக வருமா" என்று அக்கம்பக்கத்தில் என்னைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சென்ற சித்திரை வரை நான் நாட்டு உளுந்து மட்டுமே வாங்கினேன். தஞ்சாவூர்ப் பக்கம் தை மாதத்தில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு ஈரத்திலும் பனியிலும் அது தானாக வளரும். அந்த உளுந்துக்கு ஈடு கிடையாது என்றுதான் என் மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். விலை ஏறிக்கொண்டே போனபோது, கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் நான் வழக்கமாக வாங்கும் மண்டி அண்ணாச்சி ஒரு கைப்பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தங்கச்சி, இது பர்மா. எஸ்.க்யூ. சரக்கைத் தோலெடுத்தது. ஒரு மூட்டை கொண்டுபோய் அரைத்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

அந்த எழுத்துகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பர்மாவிலிருந்து வரும் கறுப்பு உளுந்தில் இரண்டு தரம் உண்டு. எஃப்.ஏ.க்யூ. என்பது சராசரித் தரம், எஸ்.க்யூ. என்பது சிறப்புத் தரம். இரண்டாவதில் மணி திரட்சியாக இருக்கும். உருட்டு உளுந்துக்கு அதுதான் ஏற்றது. எஃப்.ஏ.க்யூ.வை உடைத்த பருப்பாக்கித் தாளிக்க வாங்கலாம், குறையில்லை. இட்லி மாவுக்கு அதைத் தள்ளிவிடுவார்களேயானால் வாங்காதீர்கள்.

இனி அரைத்துப் பார்த்த கணக்கு. நாட்டு உளுந்து ஒரு கிலோ, பர்மா ஒரு கிலோ, இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே தண்ணீரில் ஊறவைத்தேன். நாட்டு உளுந்து இரண்டு மணி நேரத்தில் ஊறிவிட்டது. பர்மாவை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் நடுவில் இன்னும் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. அது மறைய மூன்று மணி நேரம் ஆனது. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். பழைய பழக்கத்தில் இரண்டு மணி நேரத்தில் எடுத்து அரைத்துவிட்டு, "பர்மா உளுந்தில் மாவு காணவில்லை" என்று குறைப்படுகிறார்கள். முழுதாக ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீரைக் கை கையாகத் தெளித்து முப்பத்தைந்து நிமிடம் ஓடவிட்டால், கல்லைச் சுற்றி மாவு வெண்ணெய்போல் ஏறி நிற்கிறது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் போட்டேன், மிதந்தது. அடுக்கில் வழித்தபோது நாட்டு உளுந்து மாவு விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது, பர்மா நான்கு விரற்கடை கீழே. உபரி குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

அதனால் நான்கு கிலோ இட்லி அரிசிக்கு நாட்டு உளுந்து ஒரு கிலோ என்றால், பர்மா உளுந்து ஒரு கிலோ 75 கிராம் போடுகிறேன். நான் வாங்கியபோது நாட்டு உளுந்து 128 ரூபாய், பர்மா 114. கிலோவுக்கு 14 ரூபாய் மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. கூடுதலாகப் போடும் 75 கிராமுக்கு எட்டரை ரூபாய் போய்விடும், கையில் நிற்பது ஐந்தரை ரூபாய்தான். என் கடைக்கு அது மாதம் 1,300 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தப் பணத்தால்தான் பத்து மாதமாக ஒரு கிலோ மாவை ஐம்பது ரூபாய்க்கே கொடுக்க முடிகிறது. என்னிடம் வாங்குபவர்களில் பாதிப்பேர் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள், காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிற பெண்கள். அவர்களுக்கு இரண்டு ரூபாய் ஏறினாலும் தெரியும்.

இட்லி மிருதுவாக வருகிறது. வாசனை நாட்டு உளுந்தைவிடச் சற்று மட்டு. கார்த்திகை, மார்கழியில் புளிக்க ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஆகிறது. வடைக்கு மட்டும் நான் இப்போது பர்மாவைத்தான் முதலில் சொல்வேன். மாவு கையில் ஒட்டாமல் நழுவுகிறது, எண்ணெய் குடிக்கவில்லை, ஆறின பிறகும் வடை அமுங்கிப்போகவில்லை.

ஒரு முறை ஏமாந்தேன். அண்ணாச்சியிடம் சரக்கு இல்லாத வாரத்தில் வேறொரு கடையில் ஒரு மூட்டை எடுத்தேன். பளபளவென்று இருந்தது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் அவசரத்தில் ஏற்றிவிட்டேன். கழுவினால் ஐந்தாவது தண்ணீரும் பால்போல் வந்தது. மணியெல்லாம் மாவுப் பாலிஷ், உள்ளே பழைய சரக்கின் மக்கல் வாடை. இரண்டு நாள் மாவைச் சாக்கடையில் ஊற்றினேன். அந்தக் கடை ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. அது பர்மா விவசாயி செய்த குற்றமல்ல, இங்கே கைமாறிய இடத்தில் நடந்தது. ஆகவே வாங்கும்போது பத்து மணியைத் தேய்த்துப் பாருங்கள், ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நல்ல மணி டக்கென்று இரண்டாக உடையும்.

என் மாமியாரின் தோழி ஒருவர் வியாசர்பாடியில் இருக்கிறார். 1964-ல் பர்மாவில் ஜெனரல் நீ வின் அரசு கடைகளையெல்லாம் நாட்டுடைமை ஆக்கிய பிறகு, ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அவரிடம் ஒரு கிலோ மாவும் ஒரு கைப்பிடி உளுந்தும் கொண்டுபோனேன். மணிகளை மடியில் கொட்டிக்கொண்டு, "மட்பே" என்றார். பர்மிய மொழியில் உளுந்துக்கு அதுதான் பெயர், 'பே' என்றால் பயறு. அங்கே நெல் அறுத்த வயலில் போட்டு மாசி, பங்குனியில் எடுப்பார்களாம். ஏறக்குறைய நம் தஞ்சாவூர் வழக்கமேதான், ஆறுதான் வேறு. ஆனால் அங்கே அதை நம்மைப்போல் இட்லிக்கும் தோசைக்கும் ஆட்டுவதில்லை. விளைவதில் பெரும்பகுதி நமக்காகவே விளைகிறது.

இந்தச் செய்தி என்னை உறங்கவிடவில்லை. ஒருவர் தாம் அதிகம் சாப்பிடாத பயிரை, நாம் வாங்குவோம் என்று நம்பி விதைக்கிறார். அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்றினோமா? 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்ட நாள்களில் வெளிநாட்டுப் பருப்பு வேண்டும் வேண்டும் என்றோம். அடுத்த ஆண்டு மொசாம்பிக்கோடு துவரைக்கு ஒப்பந்தம் போட்டோம். 2017-ல் இங்கே விளைச்சல் பெருகி விலை விழுந்ததும், ஆகஸ்டில் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று லட்சம் டன் என்று வரம்பு கட்டிவிட்டோம். நம் விவசாயியைக் காக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வயலில் விதைத்துவிட்டு நின்ற பர்மியக் குடியானவருக்கு யார் முன்கூட்டிச் சொன்னார்கள்? அங்கே விலை சரிந்துபோயிற்று.

அதனால்தான் 2021-ல் வந்த ஒப்பந்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 2021-22 முதல் 2025-26 வரை ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் பர்மாவிலிருந்து வரலாம் என்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. அரசுகள் தாமே வாங்கி விற்பதில்லை. வாங்குவதும் விற்பதும் இரு பக்கத்துத் தனி வணிகர்கள். அரசு அவர்களுக்கு வழி திறந்து, இன்ன அளவு என்று வாக்குக் கொடுத்தது. சரக்கு இறங்கும் துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. 2024 தொடக்கத்தில் டாலரைத் தேடி அலையாமல் ரூபாயும் பர்மாவின் பணமான கியாத்துமாகவே கணக்குத் தீர்க்கும் ஏற்பாடும் வந்தது. 1955-ல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் இந்தியாவும் பர்மாவும் இருந்தன. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும் என்று அன்று பேசியதன் பொருள், இந்த மூட்டையைப் பிரிக்கும்போதுதான் எனக்குப் புரிகிறது.

பழைய கணக்கு ஒன்றும் நமக்கு இருக்கிறது. ஐராவதிக் கழிமுகத்தில் நம் செட்டியார்கள் கடன் கொடுத்துத்தான் நெல் வயல்கள் விரிந்தன. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது, 1938-க்குள் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் பெயருக்கு வந்துவிட்டது. வியாசர்பாடிப் பாட்டியின் குடும்பம் கப்பலேற வேண்டி வந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். அந்த மண்ணோடு மறுபடியும் கொடுக்கல் வாங்கல் வைக்கிறோம் என்றால், இந்த முறை நேராக வைக்க வேண்டும்.

நெஞ்சை உறுத்தும் விஷயமும் உண்டு. ஒப்பந்தம் வந்த அதே 2021-ல், பிப்ரவரியில்தான் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இன்று அங்கே போர் நடக்கிறது. நான் கொடுக்கும் 114 ரூபாயில் வயலுக்கு எவ்வளவு போகிறது, யார் யார் நடுவில் எடுக்கிறார்கள் என்று அரைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். வாங்குவதை நிறுத்தினால் முதலில் அடிபடுபவர் விதைத்தவர்தான் என்பதால் வாங்குகிறேன். மூட்டை எந்த வட்டாரத்தில் விளைந்தது, எந்த மாதத்து அறுவடை என்று மேலே அச்சடிக்கும்படி இரண்டு அரசுகளும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அது அரைப்பவருக்கும் உதவும், விளைத்தவருக்கும் ஒரு முகம் கிடைக்கும்.

என் தம்பி டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும் பிழைப்பு. ஆடி மாதத்தில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குப் பேசினான். "அக்கா, இன்று ஏற்றியது உளுந்து. மாதவரம் கிடங்குக்குப் போகிறேன்" என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றான். கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்த இடமில்லை. சாலை முனைக்கே நான்கு இட்லியைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போய்க் கொடுத்தேன். சக்கரம் என் இடுப்பு உயரம் இருந்தது. பின்னால் இரும்புப் பெட்டிக்குள் அந்த வயல்காரர்களின் விளைச்சல். பெட்டியின் மேல் ஒரு முறை கையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: இட்லிக்குப் பத்துக்கு எட்டு, வடைக்கு ஒன்பதரை. மாசிக்குப் பிறகு அறுவடையாகும் புதுச் சரக்கு இங்கே வந்து, தோலெடுத்து, மண்டிக்கு வரச் சித்திரை ஆகிவிடும். சித்திரையிலிருந்து ஆவணி வரை வாங்குவது நல்லது. ஐப்பசிக்கு மேல் வாங்கினால் ஊறும் நேரத்தை இன்னும் அரை மணி கூட்டுங்கள். அண்ணாச்சியிடம் புது எஸ்.க்யூ. வந்தால் எனக்கு நான்கு மூட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.