எம்ஜிபி ரோட்ஸ்டரில் மின்மோட்டார்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

இங்கிலாந்தில் 1971 எம்ஜிபி ஒன்றை, அதாவது இரண்டு பேர் அமரும் திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, மின்சாரத்துக்கு மாற்றி, சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம்?" என்றுதான். மாற்ற நினைப்பவர்கள் அதைவிட முதலில் எடையைக் கணக்குப் போட வேண்டும்.

எம்ஜிபி ஒரு டன்கூட இல்லாத கார். அதன் அழகே வளைவுகளில் லேசாகத் திரும்புவதுதான். 1.8 லிட்டர் இரும்பு எஞ்சினையும் பெட்ரோல் டேங்கையும் எடுத்துவிட்டு, பழைய நிசான் லீஃப் மின்காரின் மோட்டாரையும் அதன் 24 கிலோவாட்-மணி பேட்டரியையும் பொருத்தினோம். அந்த பேட்டரி மொத்தம் 48 மாட்யூல்கள் (சிறு பேட்டரித் தொகுதிகள்), ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு கிலோ. ஒரு பாதி எஞ்சின் இருந்த இடத்தில், மறு பாதி டேங்க் இருந்த இடத்தில். அதனால் முன்பின் எடைச் சமநிலை பெரிதாக மாறவில்லை. இன்னும் பெரிய பேட்டரி போட்டிருந்தால் தூரம் கூடியிருக்கும். ஆனால் நான் நேசித்த கார் இருந்திருக்காது.

பழைய எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டர். லீஃப் மோட்டாருக்கு 280. பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டதால், அது தாங்க வேண்டுமே என்று, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் அந்த விசையை நன்றாகக் குறைத்து வைத்திருக்கிறேன். ஊருக்குள் மூன்றாவது கியர் ஒன்றே போதும், கிளட்ச் மிதிக்க வேலையே இல்லை. காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும் ரீஜெனையும் மிதமாகவே வைத்திருக்கிறேன். பின்சக்கரங்களில் மட்டும் பிடிக்கும், ஏபிஎஸ் கிடையாது. அதிகமாக வைத்தால் ஈரச் சாலை வளைவில் பின்பக்கம் வழுக்கிவிடும்.

கோடையில் நூறு கிலோமீட்டர் நிம்மதியாக ஓடுகிறது. குளிர்காலத்தில் நன்றாகவே குறையும், ஹீட்டர் போட்டால் இன்னும் குறையும். முன்பு எஞ்சின் சூட்டில் சும்மா கிடைத்த வெப்பம் இப்போது பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் சர்வோவுக்கு எஞ்சின் தந்த வெற்றிடமும் போய்விட்டதால் தனி மின்பம்ப் வைத்தோம். சிக்னலில் நிற்கும்போது அதன் உறுமல் கேட்கிறது. பழைய எக்ஸாஸ்ட் சத்தத்துக்காக இன்னும் ஏங்குகிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துக் காத்திருந்த கார், இப்போது சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது. அதனாலேயே முன்பைவிட அதிகம் ஓட்டுகிறேன்.

அதிகப் புகை விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணத்தைத் தவிர்க்க மாற்றுவதாகச் சிலர் சொல்கிறார்கள். நாற்பது வயது தாண்டி, வரலாற்று வாகனமாகப் பதிவான கார்களுக்கு அந்தக் கட்டணமே இல்லை. அதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். மாற்றுவதாக இருந்தால் பாடியை வெட்டாமல், பழைய துளைகளிலேயே தாங்கிகளைப் பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய எஞ்சினையும் விற்றுவிடாதீர்கள். என்னுடையது எண்ணெய் பூசி கராஜில் இருக்கிறது, அடுத்து வாங்குபவர் விரும்பினால் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.