மான் மூத்திரக் குப்பிக்கு 15 டாலர் தரலாமா?

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வேட்டைச் சாமான் கடைகளில் ஓர் அலமாரி முழுக்க வாடைச் சரக்குதான். பெட்டைமான் மூத்திரம், கிடாமான் மூத்திரம், கண்ணோரச் சுரப்பியின் வாடையைச் செயற்கையாகச் செய்த கூழ், நரி மூத்திரம், மண்வாசனை வில்லை, ஆப்பிள், ஓக் கொட்டை, வனிலா, கூடவே மனித வாடையை ஒழித்துவிடும் என்று சொல்லும் தெளிப்பான்கள். எல்லாம் வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவர்களை நம்பி அடுக்கி வைத்தவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். ஆகவே இந்த மதிப்பீடு உரிமச்சீட்டு வாங்கி வேட்டைக்குப் போகும் அமெரிக்கத் தமிழர்களுக்கு மட்டும்.

அந்த அலமாரியில் பாதிக்குமேல் வாங்க வேண்டியதில்லை. காரணம் காற்று. குப்பியின் வாடை எந்த மானுக்கு எட்டுகிறதோ, அதே மானுக்குத்தான் பரணில் இருப்பவரின் வாடையும் எட்டும். காற்று வரும் திசையில் நிற்கும் மானுக்கு இரண்டுமே தெரியாது. இந்தச் சிக்கலைத் தீர்த்துவைப்பதாக எந்தக் குப்பியின் சீட்டிலும் எழுதியிருக்காது. தீர்வு குப்பியில் இல்லை, அதை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் அதிகம் விற்கும் சரக்கு: சினைப்பருவப் பெட்டையின் மூத்திரம். டிங்க்ஸ் 69, கோட் ப்ளூ போன்ற பெயர்களில் 1 அவுன்ஸ், 2 அவுன்ஸ் குப்பிகளாக வரும். பருவத்துக்கு வந்த பெட்டையின் மூத்திரத்தைக் கிடா முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்கும். ஆடு வளர்த்தவர்கள் கிடா செய்வதைப் பார்த்திருப்பார்கள், அதே வித்தைதான். மேலண்ணத்தில் இருக்கும் தனி மோப்ப உறுப்புக்கு வாடையை ஏற்றி, பெட்டை தயாரா இல்லையா என்று அது சோதிக்கிறது. எனவே சரக்கின் அடிப்படையில் பொய் இல்லை. அளவிலும் காலத்திலும்தான் சிக்கல். ஒரு பெட்டை கிடாவை ஏற்கும் நிலையில் இருப்பது ஒன்றிரண்டு நாள்தான். சினையாகாவிட்டால் சுமார் 28 நாள் கழித்து மறுபடி வரும். அந்த ஒன்றிரண்டு நாளில் கிடைக்கும் மூத்திரம் கொஞ்சம். நாடு முழுக்க அடுக்கப்படும் குப்பிகளின் எண்ணிக்கையை நினைத்தால், சீட்டில் இருக்கும் 'சினைப்பருவம்' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கத் தோன்றும்.

குப்பியைத் திறந்த நாளிலிருந்து சரக்கு கெடத் தொடங்கும். பாக்டீரியா யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும்; வெயிலும் சூடும் காற்றும் அதை வேகப்படுத்தும். நிறம் கறுத்து, மூக்கில் ஏறும் காரநெடி வந்துவிட்டால் பெட்டையைப் பற்றிய சேதி அதில் பெரிதாக மிச்சமிருக்காது. கடையில் பின்வரிசையிலிருந்து எடுங்கள், தேதி பாருங்கள், ஜன்னல் வெயிலில் நின்ற குப்பி வேண்டாம். வீட்டில் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது; இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, மேலே பெரிதாக எழுதி வையுங்கள், ரசப்பொடிக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறது.

எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் பெரும்பாலான காசு வீணாகிறது. வட மாநிலங்களில் இணைசேர்க்கை உச்சம் நவம்பர் நடுவாக்கில். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, கிடாக்கள் பெட்டையைத் தேடி அலையும் நாட்களில் இந்தக் குப்பிக்கு மதிப்பு உண்டு. உச்சத்தில் கிடாக்கள் நிஜப் பெட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சொட்டு விட்டுத் தொங்கவிடும் பஞ்சுத்திரியைத் திரும்பிப் பார்ப்பது குறைவு. அக்டோபர் முதல் வாரத்திலேயே தொங்கவிட்டால் பருவம் தப்பிய வாடை பெட்டைகளை மிரளவைக்கலாம், அவை மிரண்டால் மந்தையே மிரளும். தெற்கே போனால் நாட்காட்டியே வேறு: தென் டெக்சாஸில் டிசம்பர், அலபாமாவின் பல பகுதிகளில் ஜனவரி. 'நவம்பரில் ஊற்று' என்று வட மாநிலத்துக்காரர் சொன்னதைக் கேட்டு அலபாமாவில் ஊற்றினால் ஆற்றில் ஊற்றியதுதான்.

இனி கட்டும் இடம். காற்று குறுக்காக வீச வேண்டும்: இடது கன்னத்தில் பட்டு வலப்பக்கம் போகிறது என்று வையுங்கள். பஞ்சுத்திரியைப் பரணுக்கு நேரே கட்டாமல், 20 கெஜம் முன்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, அதாவது காற்று வரும் பக்கமாகத் தள்ளி, மானின் மூக்கு உயரத்தில் மூன்று நான்கு அடியில் தொங்கவிடுங்கள். வலப்பக்கத்திலிருந்து வாடையைப் பிடித்து ஏறிவரும் கிடா, திரியை அடையுமுன் விலாவைக் காட்டியபடி எதிரே கடக்கும். உங்கள் வாடை வலப்பக்கம் விசிறிபோல் விரிந்துகொண்டே போவதால், அந்தப் பக்கம் மான் சுற்றிவர முடியாதபடி ஆறோ குளமோ செங்குத்துக் கரையோ இருக்கும் பரண்தான் இதற்கு ஏற்றது. ஒன்றரை வயதுக் கிடா நேராக ஓடிவரும். நான்கைந்து வயதுக் கிடா முதலில் காற்று போகும் பக்கமாக ஒரு வட்டம் அடித்து வாடையைச் சரிபார்த்துவிட்டுத்தான் வரும். வட்டம் உங்கள் வாடையைத் தொட்டால் முடிந்தது. காற்றைப் பார்க்க மாவுத்தூள் குப்பி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். மாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், காலையில் வெயில் ஏறியதும் மேலே போகும் என்பதால் ஒருமுறை பார்த்தது போதாது.

திரியில் பத்துப் பதினைந்து சொட்டு போதும். உடுப்பிலும் காலணியிலும் தடவவே கூடாது. மானின் மூக்கையும் கண்ணையும் உங்கள் மேல் திருப்பிவிட அது சுருக்குவழி. கையுறை போட்டே தொடுங்கள். குளிர் உறைநிலைக்குக் கீழே போனால் திரி கட்டியாகிவிடும், வாடை பரவாது. குப்பியை உள்சட்டைப்பையில் வைத்து, உட்காருமுன் புதிதாகச் சொட்டு விடுவது ஒரு வழி. மழையில் நீர்மச் சரக்கு கழுவிப் போய்விடும். கூழ் அல்லது குச்சி வடிவில் வருவது தாங்கும்.

துணியில் நனைத்துக் கயிற்றில் கட்டி இழுத்துப்போகும் முறையும் உண்டு. பலர் தோற்பது இங்கே: தொடக்கத்தில் நன்றாக நனைத்து 150 கெஜம் இழுத்து வருகிறார்கள். தடத்தின் ஆரம்பத்தில் வாடை பலம், பரணருகே மெலிவு. பலம் கூடும் திசையில்தான் கிடா போகும், அதாவது உங்களைவிட்டு விலகி. 50 கெஜத்துக்கு ஒருமுறை சொட்டு சேர்த்து, பரணை நெருங்க நெருங்க வாடையை ஏற்றிக்கொண்டே வரவேண்டும். துணியைச் சுடும் தூரத்தில் ஒரு கிளையில் தொங்கவிட்டு, அங்கிருந்து ரப்பர் பூட்ஸோடு தனியாகப் பரணுக்கு நடங்கள். தோல் பூட்ஸ் வாடையைக் குடித்து வைத்திருக்கும்.

இந்த அலமாரியில் காசுக்கு அதிகம் உழைப்பது கண்ணோரச் சுரப்பிக் கூழ். பெட்டைச் சரக்குக்கு இருக்கும் பரபரப்பு இதற்கு இல்லை. கிடா தரையைச் சுரண்டிக் குழி செய்து மூத்திரம் பெய்வது எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் அதற்கு மேலே தொங்கும் கிளைதான் முக்கியம். கிளையை நக்கி, கடித்து, நெற்றியையும் கண்ணோரத்தையும் தேய்த்துத் தன் வாடையை விட்டுப்போவதை ஆண்டு முழுக்கச் செய்யும். பெட்டைகளும் வந்து முகரும். ஆகவே இதற்குப் பருவக் கணக்குப் பெரிதாக இல்லை, ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கலாம். மான்தடத்தின் ஓரத்தில், நான்கரை முதல் ஐந்தடி உயரத்தில் தொங்கும் கிளையாகப் பாருங்கள். அது இல்லையென்றால் ஓர் அங்குலத் தடிமன் சணல் அல்லது மணிலாக் கயிற்றைக் கட்டி, நுனியைப் பிரித்துவிட்டு, மானின் மூக்குக்கு எட்டும்படி தொங்கவிடுங்கள். நைலான் வேண்டாம், வாடை பிடிக்காது. கீழே இரண்டு மூன்றடி அகலத்துக்கு இலைதழையை விலக்கி, குச்சியால் மண்ணைக் கிளறுங்கள். கூழைக் கிளை நுனியில் பட்டாணி அளவு தடவினால் போதும். ஓரிரு வாரத்தில் மான்கள் தாங்களே பராமரிக்கத் தொடங்கிவிட்டால், அதன்பிறகு எதையும் ஊற்றாதீர்கள். சும்மா விடுவதே மருந்து.

குழிக்குமேல் தொங்கவிடும் சொட்டுப்பை ஒன்றும் கிடைக்கிறது. வைல்ட்லைஃப் ரிசர்ச் சென்டர் நிறுவனத்துடையது பரவலாகத் தெரிந்தது. பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து திரவத்தைத் தள்ளும், இரவுக் குளிரில் நிற்கும். மான்கள் குழிக்கு வருவது பெரும்பாலும் இரவில். பகலில் புது வாடை விழுந்தால் பகல் வரவு கூடும் என்பது எண்ணம். யோசனை நல்லது, செயலில் இரண்டு தொல்லை. நிழலில் கட்டினாலும் மேகமூட்டமான நாட்களிலும் அவ்வளவாகச் சொட்டாது. வெப்பம் திடீரென ஏறும் நாளில் வேகமாகக் காலியாகும். குழிக்குப் போய்வரும் நடையைக் குறைக்க மட்டும் வாங்கலாம்.

மறைப்பு வாடைகளுக்கு வருவோம். கழிப்பறையில் ஊதுபத்தி கொளுத்தினால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து அடிக்கும். மானின் மூக்கு நம் மூக்கைவிடப் பலமடங்கு கூர்மையானது. பைன் வாடைக்கு அடியில் இருக்கும் மனிதனை அது பிரித்தெடுத்துவிடும். ஆப்பிள் மரமே இல்லாத காட்டில் ஆப்பிள் மணப்பதும், ஓக் இல்லாத இடத்தில் ஓக் கொட்டை மணப்பதும் மறைப்பு இல்லை, தண்டோரா. நரி மூத்திரம் குட்டியோடு இருக்கும் பெட்டையை உஷாராக்கலாம். ஸ்கங்க் என்னும் அமெரிக்கச் சிறுவிலங்கின் நாற்றம் அது பயந்தபோது வெளிவிடுவது. அதைப் பூசிக்கொண்டு அமைதியான காட்டை எதிர்பார்ப்பது வேடிக்கை. இந்த வரிசையில் ஏதாவது வாங்கியே தீரவேண்டும் என்றால் மண்வாசனை வில்லை, அதுவும் அந்த ஊர் மண்ணுக்குப் பொருந்தினால். அதைவிட நல்லது இலவசம்: வேட்டைக்காட்டுச் சருகையும் பைன் இலையையும் உடுப்புப் பெட்டியில் போட்டு மூடி வைப்பது. வனிலின் கலந்த நோஸ் ஜாமர் வேறு கொள்கை சொல்கிறது: மானின் மூக்கை மலைக்கவைத்துவிடுமாம். அப்படித் திணறும் மூக்கு இருந்தால் பூக்காட்டில் மான் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

வாடை நீக்கும் தெளிப்பான்கள் கொஞ்சம் மேல். முழுக்க ஒழிக்காது, குறைக்கும். உடுப்பை வாசனையற்ற சோப்பில் துவைத்து, வெளியே உலர்த்தி, மூடிய பெட்டியில் வைத்து, காட்டருகே மாற்றிக்கொண்டு, அதன்மேல் தெளித்தால் பயன் தெரியும். பிரகாசம் கூட்டும் சலவைத்தூள் கூடாது. அது மானின் கண்ணுக்குப் புறஊதா ஒளியில் மின்னும். தலைமுடியும் மூச்சும்தான் பெரிய ஓட்டைகள், எந்தத் தெளிப்பானும் மூச்சைத் தொடாது. பெட்ரோல் போட்ட கையோடு குப்பியைப் பிடித்துத் தெளிப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஓசோன் கருவிகள் விலை அதிகம், ரப்பரையும் எலாஸ்டிக்கையும் தின்னும், அடைத்த வண்டிக்குள் நுரையீரலுக்கும் ஆகாது.

வாங்குமுன் சட்டம். 1967இல் கொலராடோவில் அடைப்பில் வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட குரோனிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற, மானை மெலியவைத்துக் கொல்லும் நோய் இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. காரணம் பிரியான் என்னும் திரிந்த புரதம். அது எச்சில், சாணம், மூத்திரம் மூன்றிலும் வெளிவரும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், சமைத்தாலும் சாகாது. மான்களைக் கம்பித்தளத்தில் அடைத்துக் கீழே வடிவதைச் சேகரிக்கும்போது எச்சிலும் சாணமும் கலக்காமல் இருப்பது கடினம். இதனால் வர்ஜீனியா 2015 ஜூலை முதல் இயற்கை மான் மூத்திரத்தைத் தடைசெய்தது. வெர்மான்ட், அலாஸ்காவிலும் தடை உண்டு. பென்சில்வேனியாவில் நோய் மேலாண்மைப் பகுதிகளில் கூடாது. விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் உரிமத்தோடு வரும் கையேட்டைப் பாருங்கள். தொழில்துறைச் சங்கத்தின் முத்திரையோ, ஆர்டி-குயிக் (பிரியானைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) செய்தது என்ற வாசகமோ குப்பியில் இருந்தாலும் மாநிலத் தடையை அது நீக்காது. செயற்கைச் சரக்கு பெரும்பாலும் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடும், கெடுவதும் மெதுவாக. இரண்டுக்கும் விலை ஒன்றானால் செயற்கையே எடுங்கள்.

டெக்சாஸ்காரர்களுக்கு ஒன்று: அங்கே மலைப்பகுதியில் திரியும் ஆக்சிஸ் மான் நம்மூர்ப் புள்ளிமான்தான், 1932இல் கொண்டுபோய் விட்டது. அதன் இணைசேர்க்கைக்கு நவம்பர் கணக்குக் கிடையாது, வெண்வால் மானின் குப்பி அதற்குப் பாஷை தெரியாத கடிதம். அந்த வேட்டைக்கு இந்த அலமாரிப் பக்கமே போகவேண்டாம்.

வேட்டை முடிந்து இறங்கும்போது திரிகளை ஜிப் பையில் போட்டு எடுத்துவந்துவிடுங்கள். ஆளில்லாத பரணருகே இரவு முழுக்கத் தொங்கும் திரியைக் கிடா வந்து முகர்ந்து, பக்கத்தில் உங்கள் கால்தடத்தையும் முகர்ந்து, இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்.