இரண்டு பேராக முதல் ஐரோப்பியப் பயணம்: பாரிஸா, பிராக்கா, லிஸ்பனா?

முதல் முறையாகச் சேர்ந்து ஐரோப்பா போகிறோம், கையில் நான்கு நாள்தான் இருக்கிறது, ஒரே ஒரு ஊர், எதற்குப் போகலாம் என்று கேட்கும் ஜோடிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களில் யார் வேகமாக நடப்பவர்?

நானும் என் மனைவியும் பிராக், பாரிஸ், லிஸ்பன் மூன்றுக்கும் இதே வரிசையில், வெவ்வேறு வருடங்களில் போய்வந்தோம். நான் வேகம். அவள் ஒரு பழைய கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் நிற்பாள். வீட்டுக்குள் இருக்கும்போது தெரியாத இந்த வித்தியாசம், வெளியூரில் முதல் நாள் மதியத்துக்குள் வெளியே வந்துவிடும். அந்த வித்தியாசத்தை எந்த ஊர் தாங்கிக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் மூன்றையும் எடை போடுகிறேன். அழகில் மூன்றும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை, அதில் சண்டையே வேண்டாம்.

பிராக்கில் பார்க்க வேண்டிய பழைய நகரம் கிட்டத்தட்ட முழுக்க வல்தாவா நதியின் இரு கரைகளில், நடக்கிற தூரத்தில் இருக்கிறது. 1410-ல் செய்த வானியல் கடிகாரம் உள்ள சதுக்கத்திலிருந்து சார்லஸ் பாலத்துக்குப் பத்து நிமிட நடை, பாலத்தைத் தாண்டி மேடேறினால் கோட்டை. பாலம் 1357-ல் நான்காம் சார்லஸ் காலத்தில் தொடங்கியது, சுமார் அரை கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். நான் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏழாவது சிலையிலோ எட்டாவதிலோ இருந்தாள். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, நான் நதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் வந்து சேர்ந்தாள், அடுத்து இத்தனை மணிக்குள் இங்கே இருக்க வேண்டும் என்று எதுவும் எங்களைத் துரத்தவில்லை. ஒரு பயணத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாரிஸ் போனபிறகுதான் எனக்கு உறைத்தது.

பாரிஸில் நாளைப் பிடித்து இழுப்பது முன்பதிவுகள். லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நேரம், ஈஃபில் கோபுரத்துக்கு ஒரு நேரம், நதிப் படகுக்கு ஒரு நேரம் என்று எல்லாவற்றையும் ஆசையாக வாங்கி வைத்துவிட்டு, நான் நாள் முழுக்க அவளை "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் மாலை அவள் ஓர்சே அருங்காட்சியகத்தின் பெரிய கடிகாரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, இங்கேயே இருக்கலாம், படகு வேண்டாம் என்றாள். சரி என்று விட்டுவிட்டோம். அந்தக் கட்டடம் 1900-ல் ரயில் நிலையமாகக் கட்டியது, அந்தக் கடிகாரக் கண்ணாடி வழியாக செய்ன் நதி தெரியும். பாரிஸில் எங்களுக்குக் கிடைத்த சிறந்த அரைமணி நேரம் அதுதான், படகுக்குக் கொடுத்த பணம் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அதனால் பாரிஸ் என்று முடிவு செய்தால், மொத்தப் பயணத்துக்கும் இரண்டே இரண்டு முன்பதிவு வைத்துக்கொள்ளுங்கள். கிழமையையும் பாருங்கள்: ஓர்சே திங்கள்கிழமை மூடியிருக்கும், லூவ்ர் செவ்வாய்க்கிழமை. சனி முதல் செவ்வாய் வரை போகிறவர்களுக்குக் கடைசி இரண்டு நாளில் நாளுக்கு ஒன்று பூட்டிக் கிடக்கும். ஈஃபில் கோபுரத்தின் மேல் ஏற நேரமோ பணமோ இல்லையென்றால் கவலையே படாதீர்கள், இருட்டியபிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் 5 நிமிடம் அது மினுமினுப்பதை எதிர்க்கரையில் நின்று பார்ப்பதற்குக் காசு இல்லை. ஏறத்தான் வேண்டும் என்றால் இரண்டாம் தளம் வரை 674 படிகள், லிஃப்டைவிட டிக்கெட் மலிவு. நோத்ர் தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் தீப்பிடித்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

லிஸ்பனின் கதை வேறு. அங்கே உங்களைச் சோதிப்பது மேடு. வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டும், போய்ப் பார்த்தால் அதில் பாதி படிக்கட்டாக இருக்கும், மீதி வழுவழுப்பான சுண்ணாம்புக்கல் பதித்த நடைபாதை. மழை பெய்தால் அந்தக் கல்லில் கால் நிற்காது, தட்டையான ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம். ஆனால் பாருங்கள், வேகமாக நடக்கிறவரும் அங்கே மூச்சு வாங்கி நின்றுதான் ஆக வேண்டும், ஆக நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடந்த ஒரே ஊர் லிஸ்பன்தான். ஏறி முடித்த இடத்தில் ஒரு மிராதோரு இருக்கும், அதாவது ஊரைப் பார்க்கும் திட்டு. பெஞ்ச், காப்பிக் கடை, கீழே ஓட்டுக் கூரைகள், அதற்குப் பின்னால் கடல் மாதிரி அகன்ற டேகஸ் நதி. 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் ஊரின் பெரும்பகுதி அழிந்ததும் நடுவில் உள்ள பைஷா பகுதியை நேர்க்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். பெருமளவு தப்பிப் பிழைத்த அல்ஃபாமா பழையபடியே வளைந்து நெளிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் நடந்தால் அந்த நிலநடுக்கம் காலுக்குப் புரியும். பிரபலமான 28-ம் எண் டிராமில் நிற்கக்கூட இடம் கிடைப்பது கஷ்டம், பிக்பாக்கெட்டும் உண்டு, விடியற்காலையில் ஏறுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். லிஸ்பனுக்கு இன்னொரு பலம், ஒரு நாள் வெளியே போக சின்ட்ரா இருக்கிறது: ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம், மலைமேல் பென்னா அரண்மனை, சின்ட்ராவிலிருந்து பஸ் பிடித்தால் ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்கு முனையான காபோ த ரோக்கா.

பணம். பாரிஸிலும் லிஸ்பனிலும் யூரோ, பிராக்கில் செக் கொருனா, இந்த வித்தியாசம் எங்களைக் கடித்தது. சுற்றுலாத் தெரு ஒன்றில் கமிஷன் இல்லை என்று எழுதிப் போட்டிருந்த ஒரு மாற்றுக் கடையில் யூரோவைக் கொடுத்து, வெளியே வந்து எண்ணியபோதுதான் விகிதமே மோசம் என்று தெரிந்தது. அன்று இரவு முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், பயணத்தின் ஒரே கெட்ட இரவு. இப்போது போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2019 முதல் செக் சட்டப்படி, 1000 யூரோவுக்கு மேற்படாத தொகையென்றால் மாற்றிய 3 மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ரசீதை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். இன்னும் சுலபம், கார்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவது. இயந்திரம் எந்தப் பணத்தில் கணக்கிட என்று கேட்டால் கொருனாவையே அழுத்துங்கள்.

சாப்பாட்டு மேசையில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். பாரிஸில் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்துவிடும், குழாய்த் தண்ணீரை "கராஃப் தோ" என்று கேட்டால் சும்மா கொடுப்பார்கள். லிஸ்பனில் நீங்கள் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசமில்லை, வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம். பிராக்கில் பத்து சதவீதம் போல டிப்ஸ் வைப்பது வழக்கம். மொத்தச் செலவு என்று பார்த்தால் எங்கள் அனுபவத்தில் பாரிஸ் அறை வாடகைதான் கையைச் சுட்டது, அறையும் பெட்டியை விரித்து வைக்க இடமில்லாத அளவுக்குச் சின்னது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவதில் லிஸ்பன் ஜெயிக்கிறது, மெட்ரோ முனையத்துக்கே வருகிறது. பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பரில் பிராக்கில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், குளிர் எலும்பில் இறங்கும், கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் போங்கள். குளிர்காலத்தில்தான் விடுமுறை கிடைக்கிறது, குளிரும் ஆகாது என்பவர்கள் யோசிக்காமல் லிஸ்பன். ஜூனில் பாரிஸில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், மெதுவாக நடக்கிறவர்களுக்கு அது பெரிய வரம்.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், மூன்றும் ஒரே விசா செல்லுபடியாகும் ஷெங்கன் பகுதியில்தான் இருக்கின்றன, கட்டணம் 90 யூரோ, பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எந்த நாட்டில் தங்கப் போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே ஊரை முடிவு செய்யாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

என்னைக் கேட்டால் நான்கு நாளுக்கு பிராக், ஏப்ரல் கடைசியில். முடிந்தால் மே 1 வரை இருங்கள். அன்று காதலர்கள் பெட்ரின் குன்றில் உள்ள கவிஞர் மாகாவின் சிலைக்குப் போய்விட்டு, பூத்திருக்கும் மரத்தடியில் முத்தம் கொடுத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம், வயதானவர்கள்கூட வருகிறார்கள். அதே குன்றின் உச்சியில், ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து 1891-ல் கட்டிய சின்ன இரும்புக் கோபுரமும் உண்டு.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களில் ஒருவர் சின்ன வயதிலிருந்து பாரிஸ் பாரிஸ் என்று மனதில் வைத்திருந்தால், நான் எழுதிய எதையும் காட்டி அவர் மனதை மாற்றப் பார்க்காதீர்கள். பிராக்கின் அழகான மூலையிலும் அவர் கண் வேறொன்றைத் தேடும். பாரிஸுக்கே போங்கள், நான்கு நாளை ஐந்தாக்குங்கள், யார் மெதுவாக நடப்பவரோ அவர் கையில் வரைபடத்தைக் கொடுங்கள்.